ரோஸ் சீட்டில் ஏறாத இரண்டு நிமிடம்

சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டிருக்கிறீர்கள். செல்போன் சர்வீஸ் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கைகளுக்குப் பயன்படும்படி, "நல்லதா நாலு அனுபவம் எழுதிக் குடுங்கண்ணே" என்றார் செயலாளர். நல்லதாக நாலு என்னிடம் இல்லை. கெட்டதாக ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுதியிருக்கிறேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். போட்டால் வெட்டாமல் போடுங்கள். பக்கம் போதவில்லை என்றால் என் போட்டோவை எடுத்துவிடுங்கள்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் இருபத்திரண்டு வருடம் கடை வைத்திருந்தேன். பட்டன் போன் காலத்தில் ஆரம்பித்து, மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து கண் கெட்ட பிறகு நிறுத்தினேன். இப்போது அதே இடத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வந்திருக்கிறதாம். வேலையை எப்படிச் செய்வது என்று நான் சொல்லப்போவதில்லை. அதை நீங்கள் வீடியோ பார்த்து என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. செகண்ட் ஹேண்ட் செட்டில் நாம் கை வைத்து, அது விபரீதத்தில் போய் முடிந்தால், பழி யாருக்கு?

இதற்குப் பதில் உங்கள் மேஜை டிராயரிலேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ரோஸ் கலரில் ஒரு சீட்டு. சாஃப்ட்வேர் மாற்றுகிற வேலைக்கு முன்னால் கஸ்டமரிடம் கையெழுத்து வாங்குகிறீர்களே, அது. "இது பழைய செட். என் சொந்த விருப்பத்தின் பேரில் இதில் மாற்றம் செய்யச் சொல்கிறேன். இதனால் ஏற்படும் எந்தப் பாதிப்புக்கும் கடை பொறுப்பல்ல." கட்டுக்கட்டாகச் சங்கமே அடித்துக் கொடுக்கிறது. அந்த வாசகம் நான் எழுதியது. என் கடையில்தான் அந்தச் சீட்டு பிறந்தது. அது பிறந்த கதை, வளர்ந்த கதை இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறந்த கதை சின்னது. ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு காய்கறி வியாபாரி பழைய செட் ஒன்றைக் கொண்டுவந்தார். வெளிநாட்டு மாடல். எழுத்தெல்லாம் ஏதோ பாஷையில் வந்தது. அதைத் தூக்கிவிட்டு நம்மூர் சாஃப்ட்வேர் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. கரண்ட் போனால் கைகொடுக்க வேண்டிய கடை பேட்டரி பல மாதமாகவே மக்கர். பாதியில் நின்ற செட் அதோடு டெட்.

மனிதர் சத்தம் போடவில்லை. "ஏனுங்க, நல்லா இருந்த போன இப்படிப் பண்ணிப்போட்டீங்களே" என்று ஒரே ஒரு தரம் கேட்டார். பிறகு கடை ஸ்டூலில் உட்கார்ந்தவர் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் வருவார், சாப்பாட்டு கேரியரோடு. மத்தியானம் என் எதிரிலேயே பிரித்துச் சாப்பிடுவார். "நீங்க சாப்பிடுங்க" என்று எனக்கும் நீட்டுவார். வருகிற கஸ்டமரெல்லாம் அவரிடம் விசாரிப்பார்கள், அவரும் பொறுமையாகச் சொல்வார். நாலாம் நாள் வேறு செட் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய பாடம், கடைக்கு நல்ல பேட்டரி வாங்க வேண்டும் என்பது. நான் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக அச்சாபீசுக்குப் போய் ரோஸ் கலரில் இருநூறு சீட்டு அடித்தேன்.

இனி வளர்ந்த கதை. அதற்கு முன்னால் நம் தொழிலின் கைவேலை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்குத் தொழில் பழக்கிவிட்டவர் மதுரையில் இருந்தார். கெட்டிக்காரர், பெயர் வேண்டாம். ஸ்மார்ட் போன் வந்த பிறகு அவர் சொல்லிக்கொடுத்தது இது. சாஃப்ட்வேர் மாற்றிய செட் முதல் சில நாள் சார்ஜைக் குடிக்கும். கஸ்டமர் மறுநாளே வந்து நிற்பான். அதனால் கையில் கொடுப்பதற்கு முன்னால், போன், வாட்ஸ்அப் இரண்டை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லா ஆப்பையும் தூங்க வைத்துவிடு. திரை அணைந்திருக்கும்போது எதுவும் ஓடாது. சார்ஜ் நிற்கும். கஸ்டமர் உன்னைக் கும்பிடுவான். "அவங்கிட்டச் சொல்லிக்கிட்டு இருக்காத. சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பான்" என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார். நீங்களும் செய்கிறீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள், என்னிடம் வேண்டாம்.

ஸ்டெல்லா டீச்சர் சின்னாளப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவர். வீடு திண்டுக்கல்லில். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. வீட்டில் டீச்சர், கணவரின் தங்கை அமலி, டீச்சரின் ஏழு வயது மகள் ஜெனி. ஜெனிக்கு ஐந்து வயதிலேயே சுகர் வந்துவிட்டது. பெரியவர்களுக்கு வருகிற சுகர் இல்லை, தினமும் நாலு வேளை ஊசி போட வேண்டிய சுகர். ஊசி கூடிப்போனாலோ, ஊசிக்குப் பிறகு சாப்பாடு குறைந்துபோனாலோ, சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். அப்போது உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் பிள்ளை பிழைக்காது.

கணவர் அங்கிருந்து ஒரு கருவி அனுப்பினார். கையில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒட்டிக்கொள்வது. ஒரு போனில் அதன் ஆப்பைப் போட்டுப் பிள்ளையோடு வைத்துவிட்டால், சர்க்கரை இறங்கும்போது போன் மணி அடிக்கும். அதற்காகவே டீச்சர் ஒரு செகண்ட் ஹேண்ட் செட் வாங்கினார், பேகம்பூரில் நாசர் பாய் கடையில். செட்டில் ஒரு குறையும் இல்லை. பழைய மாடல் என்பதால் அந்த ஆப் அதில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

நாசர் பாயிடமே திரும்பப் போனார் டீச்சர். "இதுல ஏறாது டீச்சர். செட்டக் குடுத்திருங்க, வேற தாரேன். இப்பக் கையில தோதா இல்ல, ரெண்டு வாரம் பொறுத்துக்கங்க" என்று சொல்லியிருக்கிறார் பாய். டீச்சருக்கு அந்த இரண்டு வாரம் தாங்கவில்லை. கருவி வீட்டில் இருக்கிறது, மணி மட்டும் இல்லை. யாரோ சொல்லி என்னிடம் வந்தார்.

"எதுக்கு டீச்சர் ரெண்டு வாரம்? ஒரு மணி நேரத்துல இதையே புதுசாக்கித் தாரேன்" என்றேன்.

"இது ஜெனிக்கு சார். எனக்குன்னா இம்புட்டுக் கேக்க மாட்டேன். மணி கண்டிப்பா அடிக்கும்ல?"

"அடிக்கலன்னா என் சட்டையப் புடிங்க."

இதை அப்படியே சொன்னேன். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

விஷயம் தெரிந்து நாசர் பாய் எனக்குப் போன் செய்தார். "அண்ணே, பிள்ள உயிரு சமாச்சாரம். அந்த மாடல்ல வெளியாள் சாஃப்ட்வேர் போட்டு வெளையாடாதீங்க. நான் வேற செட் தாரேன்னு சொல்லியிருக்கேன்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாய், நீங்க விக்கிறதோட நிறுத்திக்கங்க."

ரோஸ் சீட்டை நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற ரகம் இல்லை டீச்சர். இரண்டு தரம் வாசித்த பிறகுதான் போட்டார். சாஃப்ட்வேர் மாற்றி, ஆப் ஏற்றி, முதல் தடவை திறந்தபோது ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வந்தது. இந்தப் போன் மாற்றப்பட்டிருக்கிறது, எச்சரிக்கை மணியை நம்பியிருக்க வேண்டாம் என்கிற மாதிரி. டீச்சர் அதையும் வாசிக்க ஆரம்பித்தார். "அது எல்லாத்துலயும் வர்றதுதான். வாசிச்சிக்கிட்டு இருந்தா விடிஞ்சிரும், அமுக்குங்க டீச்சர்" என்றேன். அமுக்கினார். சோதித்துப் பார்த்தோம். மணி அடித்தது. ஜெனி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தாள். மணியிலேயே கவனமாக இருந்ததில், தூங்க வைக்கிற அந்தக் கைவேலையை அன்று செய்யாமலே செட்டைக் கொடுத்துவிட்டேன்.

இதுவரைக்கும் நான் செய்தது அதிகப்பிரசங்கித்தனம். தப்பு இனிமேல்தான்.

நாலு நாள் கழித்து டீச்சர் காலையில் ஓட்டமும் நடையுமாக வந்தார். சின்னாளப்பட்டி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "சார், மத்தியானத்துக்குள்ள சார்ஜ் எறங்கிருது. என்னன்னு செத்தப் பாருங்களேன்." அப்போது என் கையில் வேறு செட் பிரித்த நிலையில் இருந்தது, போர்டு சூடாக இருந்தது. டீச்சரின் போனை இடது கையால் வாங்கினேன். கட்டைவிரலே வேலையைச் செய்தது. போன், வாட்ஸ்அப் தவிர எல்லாம் தூங்கு. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"இனி நிக்கும் டீச்சர்."

"எவ்வளவு சார்?"

"இதுக்கெல்லாமா? போங்க, பஸ்ஸு போயிரும்."

காசு வாங்கவில்லை. அதனால் பில் இல்லை. பில் இல்லாததால் ரோஸ் சீட்டும் இல்லை. என்ன செய்தேன் என்று டீச்சரிடம் சொல்லவும் இல்லை. அந்தப் போன் எதற்காக அந்த வீட்டில் இருக்கிறது என்று இந்தத் திண்டுக்கல்லில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? ஆனால் கைக்குத் தெரியவில்லை. பல வருடமாக எல்லா செட்டுக்கும் செய்ததை அந்தக் கை இதற்கும் செய்துவிட்டது.

இதிலுள்ள கொடுமை என்னவென்றால், திறந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆப்பைத் தொட்டால் விழித்துக்கொள்ளும், சர்க்கரை அளவைக் காட்டும். டீச்சர் காலையும் மாலையும் திறந்து பார்த்தார், எண் சரியாக வந்தது. திரையை அணைத்துக் கீழே வைத்துக் கொஞ்ச நேரம் ஆனால்தான் அது தூங்கும். அந்தக் கொஞ்ச நேரம் கழித்து மணி அடிக்குமா என்று சோதிக்க வேண்டும் என்பது யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அடுத்த வாரத்துச் சனிக்கிழமை. டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ பயிற்சி. ஜெனிக்கு மத்தியானம் ஊசி போட்டது அமலி. பிள்ளை சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டுத் தூக்கம் வருகிறது என்று படுத்திருக்கிறாள். அமலி முன்னறையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடக் கூடாதே என்று இரண்டு தரம் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாளாம். போன் பிள்ளையின் தலைமாட்டில்தான் இருந்தது. நாலு மணிக்கு எழுப்பப் போனபோது ஜெனிக்குக் கை கால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் பல நாள் இருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, இரண்டாம் வகுப்புப் பாடப் புத்தகத்தைக் கடகடவென்று வாசித்த பிள்ளைக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. மூளைக்குச் சர்க்கரை போகாத நேரம் அவ்வளவு நீண்டிருக்கிறது.

பிள்ளை இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே டீச்சர் என் கடைக்கு வந்தார். செய்தி எனக்கு ஏற்கெனவே வந்திருந்தது. சட்டையைப் பிடிக்க வருகிறார் என்று நினைத்தேன். அவர் அந்தப் போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கை படக்கூடாத பொருளைப் போல விளிம்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். கவுன்ட்டரில் வைத்தார்.

"சார், இதக் கொஞ்சம் பாருங்க. நான் எதையாச்சும் தப்பா அமுக்கிட்டேனா?"

எடுத்தேன். செட்டிங்கைத் திறந்தேன். தூங்குகிற ஆப்களின் பட்டியல் வந்தது. கேலண்டர், கால்குலேட்டர், நடுவில் ஜெனியின் ஆப். நான் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

தம்பிகளா, தங்கைகளா, நெருக்கடியில் மனிதன் எப்படி முடிவெடுக்கிறான் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் யோசிக்கவே இல்லை. டீச்சர் எதிரில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் என் கட்டைவிரல் அந்த ஆப்பைப் பட்டியலிலிருந்து எடுத்து, முன்பிருந்தபடி மாற்றிவைத்தது. இரண்டு நொடி. அதன் பிறகு போனைத் திருப்பி டீச்சருக்கே காட்டினேன். "எல்லாம் சரியாத்தான இருக்கு."

"அப்ப நான்தான் எதையோ அமுக்கியிருக்கேன்."

"இருக்கலாம் டீச்சர்."

அந்த ஒரு வார்த்தைதான். அவர் தலையை ஆட்டிவிட்டு, "சரி சார், வாரேன்" என்று சொல்லிப் படியிறங்கினார். நான் டிராயரைத் திறந்து அவருடைய ரோஸ் சீட்டு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதி என்றுதான் எழுதுகிறேன், வேறு வார்த்தை போட்டால் பொய்யாகிவிடும்.

அமலியின் பக்கத்துச் சொந்தக்காரர்கள் நாலு பேர் பேகம்பூருக்குப் போய், "ஓட்டப் போனப் பொம்பளத் தலையில கட்டிட்டியா?" என்று நாசர் பாயோடு மல்லுக்கு நின்றார்கள். கண்ணாடிப் பெட்டி உடைந்தது. "நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். அது டீச்சர் மேல் பழியைத் தள்ளுவதாகிவிடும் என்பதால் அவர் அதைச் சொல்லவில்லை. அன்று சாயந்திரம் என் கடைக்கு வந்தார்.

"நீங்க என்னண்ணே பண்ணுனீங்க?"

ரோஸ் சீட்டை எடுத்து வைத்தேன்.

"பேப்பர நான் கேக்கல. பிள்ளைக்கு மணி ஏன் அடிக்கல?"

"எனக்கு எப்படித் தெரியும் பாய்? பழைய செட்டு."

சீட்டை என் பக்கமே தள்ளிவிட்டுப் போய்விட்டார். அந்த மாதத்தோடு செட் விற்பதை விட்டார். இப்போது அதே கடையில் பிளாஸ்டிக் வாளி, குடம் விற்கிறார்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றித்தான் பேச்சு. ஒருவர் விற்றவன் மேல் தப்பு என்றார். ஒருவர் அப்டேட் கொடுக்காமல் விட்ட கம்பெனி மேல் என்றார். இன்னொருவர் ஆப் செய்தவன் மேல். நோயாளிப் பிள்ளைக்குப் போய் யாராவது பழைய செட் வாங்குவார்களா என்று டீச்சரையும் விட்டுவைக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் விரல் நீட்டினார்கள். ஒரு விரல்கூட என் பக்கம் வரவில்லை, என்னிடம்தான் சீட்டு இருந்ததே. "அண்ணன் மாதிரி எல்லாரும் உஷாரா இருக்கணும்" என்று தீர்மானம் போட்டு, அந்த வாசகத்தையே எல்லா உறுப்பினருக்கும் அடித்துக் கொடுத்தார்கள். நீங்கள் வைத்திருக்கிற சீட்டு வளர்ந்த விதம் இதுதான்.

அந்த விரல்கள் நீண்ட இடத்திலெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்குப் பங்கு இருக்கிறது, ஆப்புக்குப் பங்கு இருக்கிறது. அதுதான் ஆபத்து. ஒவ்வொருவரும் அடுத்தவன் பங்கைக் காட்டிக்கொண்டே இருந்தால், தன் பங்கை யாரும் பார்க்க வேண்டியதில்லை. என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். முதலில் இரண்டு நிமிடம், பிறகு இரண்டு நொடி, கடைசியில் ஒரு வார்த்தை.

வீட்டுக்குள் அந்த வார்த்தை என்ன செய்தது என்பதைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேள்விப்பட்டேன். "சர்வீஸ் கடைக்காரரே சொல்லிட்டாராம், இவதான் நோண்டியிருக்கா" என்று அமலி மஸ்கட்டுக்குச் சொல்லியிருக்கிறாள். கணவர் ஆறு மாதம் டீச்சரோடு பேசவில்லை. டீச்சர் வேலையை விட்டார். வீட்டிலேயே உட்கார்ந்து, ஊருக்கெல்லாம் எழுத்து சொல்லிக்கொடுத்த அந்த அம்மாள், தன் மகளுக்கு மறுபடி 'அ'விலிருந்து ஆரம்பித்தார். தொடுதிரைப் போன் எதையும் அதற்குப் பிறகு அவர் தொடவில்லை. ஜெனி வளர வளர அவளுக்கும் அதே கதைதான் போய்ச் சேர்ந்தது. அம்மா எதையோ தப்பாக அமுக்கிவிட்டாள்.

ஐந்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடை மூடியபோது சங்கம் எனக்குச் சால்வை போட்டது. ரோஸ் சீட்டைத் தந்தவர் என்று மைக்கில் சொன்னார்கள், நீங்கள் சிலர் கைதட்டினீர்கள். அந்தச் சால்வையோடு வீட்டுக்குப் போக முடியவில்லை. நேரே பேகம்பூருக்குப் போனேன். குடங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த நாசர் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எங்கிட்டச் சொல்லி என்னண்ணே ஆகப்போவுது? போய் அந்தம்மாகிட்டச் சொல்லுங்க."

இதைத் தைரியம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். கடை இருந்திருந்தால் போயிருக்க மாட்டேன். இழப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது உண்மை பேசுவது பெரிய காரியமில்லை. நீங்கள் கடை இருக்கும்போதே பேசுங்கள். சீட்டைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. அதன் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது? அதில் நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்று, ஓசியில் செய்த இரண்டு நிமிட வேலை உட்பட, உங்கள் கையால் எழுதி, உங்கள் கையெழுத்தைப் போட்டுக் கஸ்டமரிடம் கொடுங்கள்.

மறுநாள் சாயந்திரம் டீச்சர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடந்துகொண்டிருந்தது. அவர்களோடு, அவர்களைவிட உயரமாக, ஜெனி இரண்டாம் வகுப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயது. பிள்ளைகளை அனுப்பிவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார் டீச்சர்.

"டீச்சர், அன்னைக்கு நீங்க எதையும் தப்பா அமுக்கல. சார்ஜ் நிக்கலன்னு கொண்டாந்தீங்கள்ல, அப்ப நாந்தான் அந்த ஆப்பத் தூங்க வச்சேன். அதனாலதான் மணி அடிக்கல."

டீச்சர் என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"நான் வந்து கேட்டப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப செட்ல ஏதோ பண்ணுனீங்களே, அது?"

"மாத்தி வச்சேன். தெரியக் கூடாதுன்னு."

உள்ளே திரும்பி, "அமலி, இங்க வா" என்று கூப்பிட்டார். அமலி வந்ததும், "இன்னொரு தடவ சொல்லுங்க சார்" என்றார். சொன்னேன். அமலி சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். "அஞ்சு வருஷமா இவுகள நான் என்னென்ன..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

டீச்சர் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து நடுவிலிருந்து தாளைப் பிரித்தார். பேனாவோடு என் முன்னால் வைத்தார்.

"உங்க பேப்பர்ல நான் கையெழுத்துப் போட்டேன்ல சார்? இப்ப என் பேப்பர்ல நீங்க போடுங்க."

கண் சரியாகத் தெரியவில்லை. குனிந்து எழுதினேன். தவறு நடந்துவிட்டது என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, "அதுவா நடக்கல. நீங்க செஞ்சீங்க. அப்படி எழுதுங்க" என்றார். அடித்துவிட்டு எழுதினேன். "பெரிய எழுத்தா எழுதுங்க. வாசிக்க வேண்டியவ அவ."

கையெழுத்துப் போட்டதும் தாளை வாங்கி மகள் கையில் கொடுத்தார். "சத்தமா வாசி."

ஜெனி விரலை வைத்து ஆரம்பித்தாள். "ம... ணி... மணி. அ... டி... அடி..." என்று ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிச் சேர்த்தாள். ஒரு வார்த்தை முடிவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும், திரும்பப் போவாள். நான் எழுதியது மொத்தம் ஐந்து வரி. நான் நின்றுகொண்டிருந்தேன், யாரும் உட்காரச் சொல்லவில்லை. "அம்... மா... அம்மா... இல்... லை" என்ற இடத்தில் நிறுத்தி, நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தாளைக் காட்டினார். மறுபடி குனிந்து, என் பெயர் வரைக்கும் வாசித்து முடித்தாள்.

நான் செருப்பைத் தேடினேன்.

"செத்த நில்லுங்க சார்" என்றார் டீச்சர். பிறகு மகளிடம், "இன்னொரு தடவ வாசி" என்றார்.